கால் ஒடிந்த நாலு

அத்தான் அவளைத் திருடி என்று சொன்னது கடை வாசலில், வாடிக்கையாளர் முன்னால். அதைத்தான் சின்னவளால் விழுங்க முடியவில்லை.

அவள் அக்காவின் கணவர் நடத்திய கடை அது. மின்னலைகளைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பழைய ஸ்கோப்புகளைச் சரிசெய்து சேகரிப்பாளர்களுக்கு விற்பார்கள். வாய் அத்தானுடையது, வேலை சின்னவளுடையது. கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் ஸ்கோப்பைச் சர்வீசுக்குக் கொடுத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டால், திரையின் மேலே வர வேண்டிய எண்களைக் காணோம். எழுத்துகள் மட்டும் வந்தன. கொதித்துப்போய்த் திரும்பி வந்தார்.

“என் கொழுந்தியாவுக்குக் கொஞ்சம் கை நீளம், சார். சொந்தமாச்சேன்னு பொறுத்துக்கிட்டிருந்தேன்” என்றார் அத்தான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அன்றோடு வேலை போனது. ஊரில் ஒருத்தரும் அவளை நம்பி ஒரு ரேடியோவைக்கூடக் கொடுக்கவில்லை. “கொஞ்ச நாள் பேசாம இரு. எல்லாம் அடங்கிடும்” என்றாள் அக்கா. சின்னவளுக்கு அடங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் ‘கை நீளம்’தான் காதில் கேட்டது.

எண்கள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்து ஸ்கோப்புக்குள் கம்ப்யூட்டர் கிடையாது. அலையை வரைகிற அதே ஒளிக்கற்றை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அலையை விட்டு நழுவி, மேலே எழுத்தை எழுதிவிட்டுத் திரும்பி வந்து அலையைத் தொடரும். எந்த எழுத்து என்பதை முன்பக்கம் செருகியிருக்கும் பெட்டி சின்னச் சின்ன மின்னோட்டத்தால் சொல்லும். எழுத்தின் வடிவமோ உள்ளே இருக்கும் சில்லுகளில், அதாவது சிப்புகளில், இருக்கிறது. பத்து எண்களுக்கும் சேர்த்து ஒரே சில்லு. அதை இப்போது யாரும் செய்வதில்லை. கப்பல்காரரின் ஸ்கோப்பில் எண்கள் செத்த அதே வாரம், அத்தான் காட்சிக்கு வைத்திருந்த பெரிய ஸ்கோப்பில் எண்கள் உயிர்பெற்றன.

ஆனால் ஒரு சில்லு மாதிரிதான் இன்னொரு சில்லும் இருக்கும். எப்படி நிரூபிப்பது? யோசித்து யோசித்து ஒரு நாள் சட்டென்று ஞாபகம் வந்தது. எழுந்த வேகத்தில் கப்பல்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னாலேயே நின்றார்.

“உங்க ஸ்கோப்புல முன்னாடி நாலு எப்படி வரும், சார்?”

அவர் கம்பியருகே வந்தார். “கால் ஒடிஞ்சு கோணலா வரும். உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தானே டெஸ்ட் பண்ணேன். கோளாறு சில்லுக்குள்ளயே இருக்கு. அத்தானுக்கு அது தெரியாது. ஸ்கோப் குமிழைத் திருப்பினா ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, சைபர், இவ்வளவுதான் வரும். நாலைப் பார்க்கணும்னா அதிர்வெண் எண்ணுற கவுண்டர் பெட்டியைச் செருகணும். அது அவர்கிட்ட இல்லை. உங்ககிட்ட இருக்கு.”

கதவு திறந்தது. “போலீசுக்குப் போயிடலாமே?” என்றார் அவர்.

“வேணாம் சார். நாலு பேர் பார்க்கத்தான் என் மானத்தை வாங்கினார். நானும் நாலு பேர் பார்க்கத்தான் வாங்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை பழைய கருவிகளின் கண்காட்சி. அத்தான் புதுச் சட்டையில், பெரிய ஸ்கோப்புக்குப் பக்கத்தில் நின்று கதை அளந்துகொண்டிருந்தார். கப்பல்காரர் கவுண்டர் பெட்டியை நீட்டினார். “இதை உங்க மெஷின்ல போட்டுப் பார்க்கலாமா?” இத்தனை பேர் முன்னால் எப்படி மாட்டேன் என்பது? “தாராளமா” என்று அத்தானே செருகினார்.

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சிக்னல் வயரை மாட்டி, மெதுவாகத் திருகினாள். திரையில் 44.44 என்று நின்றது. நான்கு நாலுகளும் நொண்டின.

“இது என் நாலு” என்றார் கப்பல்காரர், மண்டபமே கேட்கும்படி.

“இந்த மாடல்ல எல்லாம் இப்படித்தான் வரும்...” என்று இழுத்தார் அத்தான்.

சின்னவள் பெட்டியை உருவி, பக்கத்து மேசையில் இருந்த அதே மாடலில் செருகினாள். நாலு நிமிர்ந்து நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“கழட்டுங்க அத்தான். நீங்களே கழட்டிக் கொடுங்க.”

அத்தான் ஸ்கோப்பின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். சில்லு சாக்கெட்டை விட்டு வரமாட்டேன் என்றது. அவள் நினைத்திருந்தால் ஒரு நொடியில் எடுத்திருப்பாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த நேரம் நீண்டுகொண்டே போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அக்கா ஓடி வந்து தோளைப் பிடித்தாள். “போதும்டி. வீட்டுக்குள்ள பேசித் தீர்த்திருக்கலாமே!”

“என்னைத் திருடின்னு சொன்னது வீட்டுக்குள்ளயா, அக்கா?”

அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அத்தான் கடையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலையெல்லாம் சின்னவள் வீட்டு முன்னறைக்கு வந்தது. கப்பல்காரர்தான் முதல் ஆள். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார், ஏற்றுக்கொண்டாள். மழை பெய்த ஒரு சாயங்காலம் அத்தானும் வந்து நின்றார்.

“பெரிய மனசு பண்ணு. மறுபடி சேர்ந்து கடை நடத்தலாம்.”

“எனக்குச் சின்ன மனசுதான், அத்தான்.”

தெருவில், குடைக்குள், அக்கா நிற்பது தெரிந்தது. ஆனாலும் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.