உண்டியலில் ஒரு பாஸ்போர்ட்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஃபெக்டரி சங்கு ஊதியது. அந்த நேரத்தில் அது ஊதுவதே இல்லை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். அடுத்த கணம் யாரோ "குளவி!" என்று கத்தியதும், கூடைகள் உருள, சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு இருபது பேரும் சரிவில் ஓடினார்கள். போன மாதம்தான் இதே மலையில் குளவி கொட்டி நான்கு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். கீழே மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த பிரதாப், மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் இறங்கி வந்த சரிவில் எதிரே மேலே ஏறினான். அந்தக் கூட்டத்தில் அவனுடைய அம்மா வீரம்மா இருந்தாள்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் ரோட்டுக்கு வந்தபோது, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜெயகாந்தன் மோட்டார் சைக்கிளில் ஒரு கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"ஓடாதீங்க! குளவியும் இல்ல, ஒன்னும் இல்ல! டேய் பிரதாப், ஒன்னையத்தான் தேடுறோம். கொழும்புலேர்ந்து கோச் ஆபீஸ் போனுக்கு எடுத்துருக்காரு."

"அதுக்கு சங்கு ஊதுவீங்களா சேர்?"

"பின்ன? லயத்துலயும் சிக்னல் இல்ல, மலையிலயும் சிக்னல் இல்ல. ஒன்னைய எந்தக் கானுக்குள்ள எறங்கித் தேடுறது? ஏறு, ஏறு!"

"இந்த அரைப்பேருக்காகவா எங்க உசிரை வாங்குனீங்க?" என்று பூரணி மூச்சு வாங்கியபடி கத்தினாள். அவள் பிரதாப்புக்கு முறைப்பெண். அந்த முறையில் அவனைக் கிண்டல் செய்வதை ஒரு நாளும் விட்டதில்லை.

தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். பாதி நாள் வேலை என்று கணக்கு. பிரதாப்புக்கு அந்தப் பட்டத்தை வைத்தது பூரணிதான். பன்னிரண்டு வருடங்களில் அவன் ஆறு கழகங்களுக்குக் கால்பந்து ஆடியிருந்தான். கொழும்பில் தொடங்கி, மாலைதீவில் ஒரு சின்னத் தீவுக்கு, பிறகு திம்புவுக்கு, காத்மாண்டுவுக்கு, டாக்காவில் இரண்டாம் பிரிவுக்கு, திரும்பவும் மாலைதீவுக்கு. எங்கும் இரண்டு சீசனுக்கு மேல் வைத்திருக்கவில்லை. நடுக்களத்தில் பந்தை வாங்கி இன்னொருவன் காலுக்குத் தட்டிவிடுகிற வேலை. கோல் அடிக்கிறவனின் படம்தான் பத்திரிகையில் வரும். நாட்டுக்காக இருபத்தொன்பது முறை இறங்கியிருந்தான். இருபத்தொன்பது முறையும் மாற்று ஆட்டக்காரன். தேசிய கீதம் பாடும்போது களத்தில் வரிசையாக நிற்பவர்களோடு அவன் ஒரு நாளும் நின்றதில்லை. லயத்து வரிசை வீடுகளின் சனம் ஒரே டீவிக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு எழுபது நிமிடம் காத்திருந்து, "இந்தா எறங்கிட்டான்டா!" என்று கத்தித் தீர்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு முன் ஊருக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. ஆனாலும் விடியற்காலையில், வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும் முன்பே, பந்தைத் தட்டிக்கொண்டு மேல் டிவிசன் வரை ஓடிவிட்டு வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் கழகத்துக்கு ஆடினான். போன மாதம் அந்த ஆட்டமொன்றைப் பார்க்கத் தேசிய அணியின் கோச் வந்து போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆபீஸ் போனில் கோச் அவசர அவசரமாகச் சிங்களத்தில் பேசினார். நடுக்களத்தில் ஒருவனுக்குத் தொடை பிடித்துவிட்டது, இன்னொருவன் டெங்குவில் படுத்திருக்கிறான். நாளை மறுநாள் டாக்காவில் சிநேகபூர்வ ஆட்டம், இன்று இரவு ஏழரைக்கு ஃப்ளைட், நாலரைக்குக் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். "இந்தத் தடவை பெஞ்ச் இல்லை பிரதாப் தம்பி. முதல் விசிலுக்கே நீ களத்தில் இருக்கிறாய். வந்துவிடுவாய்தானே?"

பிரதாப் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த ஜெயகாந்தன், போனைப் பிடுங்கி, "எனவா சேர், எனவா! வருவான்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். வெளியே நின்ற பெண்களுக்கு விஷயம் போய்ச் சேர இரண்டு நிமிடம் ஆகவில்லை. "மொதல்லேர்ந்தா? மொதல்லேர்ந்தா ஆடப்போறான்?" என்று கேட்டுக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். அழகுமுத்து தன் வேனை ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவந்து ஹோர்னை அமுக்கினான். "பதினொன்றரைக்குள்ள கெளம்புனா நான் பொறுப்பு மச்சான். அதுக்கு மேல போச்சுன்னா கினிகத்தேனை ட்ராபிக்குல மாட்டிக்குவோம். பேக்கை எடு, பாஸ்போட்டை எடு!"

அப்போதுதான் எல்லாரும் அடங்கினார்கள். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தோட்டத்துக்கே தெரியும். அது மாரியம்மன் கோயில் உண்டியலில் இருந்தது.

பிரதாப்பின் மனைவி லோஜினிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு முறையும் அவன் வெளிநாட்டில் இருந்தான். இப்போது ஐந்து மாதம். உண்டானது தெரிந்த வெள்ளிக்கிழமை, அவள் மஞ்சள் துணியில் பாஸ்போர்ட்டை முடிந்து, எல்லாரும் பார்க்க உண்டியலில் போட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. வேண்டுதலைக் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. புருஷன் இனிமேல் கடல் தாண்டக் கூடாது என்பதுதான் வேண்டுதல் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பிரதாப்பும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினான்.

கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. உண்டியலுக்கு இரண்டு பூட்டு. திருவிழாவுக்கு முன்னால் வருடத்தில் ஒரு நாள்தான் திறப்பார்கள். ஒரு சாவி கோயில் தலைவர் செல்லசாமியிடம். அவர் வரும்போதே அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு வந்தார். இன்னொன்று பூசாரி பழனியாண்டியின் இடுப்பில்.

"சாவியைக் குடுங்க பூசாரி. நாட்டு விசயம்."

"நாட்டுக்கு நீங்க பதில் சொல்லிக்குவீங்க தலைவரே. ஆத்தாவுக்கு யாரு சொல்றது? போட்டதைத் திருப்பி எடுத்து நான் பாத்ததே இல்ல."

"ஒங்க ஆத்தா என்ன, டாக்காவுக்குப் போகவா போறா? அந்தப் பாஸ்போட்டை வச்சு என்ன செய்ய?" என்று பூரணி இடையில் புகுந்தாள். கூட்டம் சிரித்தது.

வீரம்மா சிரிக்கவில்லை. உண்டியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "யாரும் தொறக்க வேணாம். அந்தப் புள்ள வயித்துல இருக்குறதுக்காகப் போட்டது. ஏதாச்சும் ஆச்சுன்னா எந்தக் கோச்சு வந்து நிப்பான்?"

மணி பதினொன்று பத்து. வேன் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. செல்லசாமி பூசாரியின் தோளைப் பிடித்தார். பூசாரியின் கை மெதுவாக இடுப்புக்குப் போனது. ஒரு சொல் சொன்னால் போதும், திறந்துவிடுவார்கள் என்று பிரதாப்புக்குத் தெரிந்தது. வரிசையில் தோளோடு தோள் நின்று கீதம் பாடுவது, நடுவட்டத்தில் பந்து வைக்கப்படுவது, விசிலுக்கு முந்தைய அந்த நிசப்தம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவனுக்கு முப்பத்துமூன்று வயது. இன்னொரு முறை யாரும் கூப்பிடப் போவதில்லை.

"வேணாம் தலைவரே," என்றான். "லோஜினி கிளினிக் போயிருக்கா. அவ வந்து எடுங்கன்னு சொன்னா எடுப்போம். இல்லாட்டி வேணாம்."

"அவ வர்றதுக்குள்ள ஃப்ளைட்டு போயிரும்டா!" என்று அழகுமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

"போகட்டும்."

பதினொன்று இருபதுக்கு, டிஸ்பென்சரிப் பக்கமிருந்து தேயிலைக்கு நடுவே வரும் குறுக்குப் பாதையில் ஒரு குடை தெரிந்தது. லோஜினி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நடப்பதா ஓடுவதா என்று தெரியாத வேகத்தில் வந்தாள். கங்காணி மகன் ஓடிப்போய் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"வேன் ஏன் இன்னும் நிக்குது?" என்றாள் வந்ததும்.

பிரதாப் உண்டியலைக் காட்டினான். "நீ சொல்லு. வேணாம்னா நான் போகல. சத்தியமா மனசுல ஒன்னும் வச்சுக்க மாட்டேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிளினிக் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். கார்டுக்குப் பின்னாலிருந்து, அவன் கடைசியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த, இன்னும் காலாவதியாகாத பாஸ்போர்ட்டை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள். "உண்டியல்ல கெடக்குறது தேதி முடிஞ்சுபோன பழசு. பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்து சீல் குத்துன அந்த ஆட்டமெல்லாம் ஆத்தாளே வச்சுக்கட்டும்."

கூட்டம் ஓவென்று கத்தியது. அழகுமுத்து வேனுக்கு ஓடினான். யாரோ பிரதாப்பின் பூட்ஸைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி வேனுக்கு அனுப்பினார்கள். வீரம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் மருமகளின் சேலையைப் பிடித்தாள்.

"அடியே, அப்ப வேண்டுதல்? இவன் எங்கயும் போகாம இருந்தா புள்ள தங்கும்னுதானே முடிஞ்சு போட்ட?"

"நடக்குற வரைக்கும் வெளியில சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், அத்தை," என்றாள் லோஜினி. "புள்ளைக்கு வேண்டிக்க ஊரே இருக்கு, இந்த மனுசனை ஒரு தடவையாச்சும் மொத விசில்லேர்ந்து எறக்கி வுடு தாயேன்னு கேக்க என்னைய விட்டா யாரு இருக்கா?"