தலைவரின் ஒற்றை இலக்கம்

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று முற்பகல் பதினொரு மணிக்கு நிறுவனத்தின் நாற்பது கிளைகளும் ஒரே திரையில் ஒன்றுகூடும். தலைவர் அவை அனைத்தோடும் ஒரே நேரத்தில் உரையாடுவார். மனிதகுலம் பேசக் கற்றுக்கொண்ட நாள்முதல் இதற்கு இணையான நிகழ்ச்சி நடந்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியம் சுற்றறிக்கையில் இல்லை. அதை எழுதிய கணினிப் பிரிவு மேலாளரின் நெஞ்சில் இருந்தது.

பதினொன்றே காலுக்கு முப்பத்தொன்பது கிளைகள் திரையில் தத்தம் கட்டங்களுக்குள் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. நாற்பதாவது வரவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் கிடந்த அந்தக் கடைக்கோடிக் கிளைக்கு வீடியோ எட்டாது. ஃபோன் வழியாகத்தான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். வீடியோ இயந்திரமே அந்தக் கிளையின் எண்ணைக் கூப்பிடும் என்று ஏற்பாடு. கூப்பிட்டது. ரிங் போனது. எடுப்பாரில்லை.

மேலாளர் தமக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். இயந்திரத்தை அணைத்துப் போட்டார். ஒயர்களைப் பிடுங்கி, ஊதி, அதே இடத்தில் செருகினார். கேமராவைத் துடைக்கச் சொன்னார். ஃபோன் கிடைக்காததற்குக் கேமரா என்ன பாவம் செய்தது என்று கேட்கும் துணிவு அந்த அறையில் யாருக்கும் இல்லை. நடுநாயகமாக உட்கார்ந்திருந்த தலைவர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மேலாளருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டெலிஃபோனம்மாவுக்கு ஆள் போனது.

டெலிஃபோனம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். அலுவலக எக்ஸ்சேஞ்சைப் பதினொரு வருடமாகக் கட்டி மேய்ப்பவள். பதினொரு வருடமும் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு எல்லா மேசைகளிலும் தூசு வாங்கிக்கொண்டு ஒருவழியாகத் தலைவரிடம் சேர்ந்திருந்தது. இன்றைய கோளாறு டெலிஃபோன் பிரிவினுடையது என்று ஒரே ஒரு வரி எழுதப்பட்டால் போதும், கோப்பு வந்த வழியே திரும்பும். அவளும் கூடவே போக வேண்டியதுதான். அந்த வரியை எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்த மேலாளர் அவளுடைய சொந்த அக்கா புருஷன். வீட்டில் அத்தான். ஆபீஸில் சார்.

"என்ன லைன் குடுத்து வெச்சிருக்கே? ரிங் போகுது, எடுக்க ஆளில்ல. கோளாறு உன் எக்ஸ்சேஞ்ச்லதான். அறிக்கையில அப்படித்தான் போடப்போறேன்" என்றார் அத்தான்.

"ரிங் போகுதுன்னா எங்கேயோ ஃபோன் அடிக்குதுன்னு அர்த்தம் சார். எங்கன்னு பாத்துட்டு வரேன்."

"மலைக்கு அந்தப்பக்கம் அடிக்குது. இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

அவள் வெளியே வந்தாள். கைப்பேசியில் அக்காவின் செய்தி காத்திருந்தது: 'அவரு காலையில சரியா சாப்பிடல. ஏதாவது கத்தினா மனசுல வெச்சுக்காத.' வயிறு நிறைந்த நாளில் மட்டும் மனிதர் தேனாகவா ஒழுகுகிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

நடைபாதைத் திருப்பத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. தலைவரின் அறைக்குள் ஃபோன் அலறிக்கொண்டிருந்தது. வாசலில் அறை உதவியாளர் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமாண்ணே அடிக்குது?"

"பதினோரு மணியிலேர்ந்து விட்டுவிட்டு அடிக்குது தங்கச்சி. நல்ல பொறுமைசாலி எவனோ."

"எடுத்துக் கேட்டா என்ன?"

"அந்த ஃபோனையா? அதைத் தொடைக்கிறதுக்கே எனக்குத் தனித்துணி குடுத்திருக்காங்க. எடுக்கறதாம்ல."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தின வருடம் பதவிக்கு வந்த புதிதில் தலைவருக்கு ஒரு மனக்குறை. கடைநிலை எழுத்தருக்கும் மேசை ஃபோன் எண் மூன்று இலக்கம், தமக்கும் மூன்று இலக்கமா? தமக்கு ஒற்றை இலக்கம் வேண்டும். ஒற்றையிலும் பெரியது வேண்டும். ஒன்பது, வெளி லைன் பிடிக்க அதுவரை எல்லோரும் முதலில் அழுத்திவந்த எண். அதைப் பிடுங்கித் தலைவர் மேசைக்குக் கொடுத்தார்கள். வெளி லைனுக்கு இனி ஏழு என்று சுற்றறிக்கை பறந்தது. அத்தான்தான் எழுதினார். மூன்று பக்கம். வாசல் காவலர் வரைக்கும் ஆளுக்கொரு நகல். வீடியோ இயந்திரத்துக்கு மட்டும் யாரும் நகல் கொடுக்கவில்லை. அது பழைய விசுவாசத்தில் ஒன்பதையே அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்பது என்றதும் எக்ஸ்சேஞ்ச் தலைவர் மேசையில் மணியடித்துவிடும். பின்னால் வரும் எண்களைக் காதில் போட்டுக்கொள்ளாது.

அவள் கூட்ட அறைக்குத் திரும்பியபோது நடுநாற்காலி காலியாக இருந்தது.

"தலைவர் எங்க சார்?"

"கோவிச்சுக்கிட்டு இப்பதான் பக்கத்து வழியா அவர் ரூமுக்குப் போனாரு. அவர் திரும்பறதுக்குள்ள லைன் வந்தாகணும். மறுபடி கூப்பிடு, இந்தத் தடவை நானே பேசறேன்."

"சார், அந்த ஒன்பது—"

"எனக்கு நீ நம்பர் சொல்லித் தராதே. அழுத்து."

"இல்ல சார், இப்ப கூப்பிட்டா—"

"அழுத்துன்னா அழுத்து. பதினோரு வருஷமா இப்படிப் பேசிப் பேசித்தான் நீ இன்னும் தற்காலிகமாவே இருக்கே."

அவள் அழுத்தினாள். மேலாளர் சொன்னதைச் செய்வது தற்காலிகப் பணியாளரின் கடமை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். நாற்பதாவது கட்டத்தில் ஃபோன் படம் பச்சையாக ஒளிர்ந்தது.

"யாரு?" என்றது ஒரு குரல், அறை முழுக்க.

"யாரா? முக்கால் மணி நேரமா ஃபோன் அடிக்குது, யாருன்னா கேக்கறே? காது செவிடா, இல்ல தூக்கமா?" அத்தான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"யாரு பேசறது?"

"ஹெட் ஆபீஸ். ஒரு ஃபோனை எடுக்கத் துப்பில்லாத ஆளுக்கெல்லாம் எதுக்கய்யா ஒரு மேசை, ஒரு நாற்காலி?"

முப்பத்தொன்பது கிளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தன. மறுமுனையில் பேசிய அந்தக் குரலை அவர்கள் போன வருடாந்தரக் கூட்டத்தில் மணிக்கணக்கில் கேட்டு அனுபவித்தவர்கள். ஒருவர் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். இன்னொருவர் கோப்பை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், கோப்பு குலுங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிளைகளிடையே ஒற்றுமை வளர வேண்டும் என்ற கூட்டத்தின் நோக்கம் அந்த நொடியில் நிறைவேறியது.

"அங்கேயே இருங்க. வரேன்" என்று குரல் நிதானமாகச் சொல்லி வைத்துவிட்டது.

அத்தான் வெற்றிப் பெருமிதத்தோடு அவள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? இதுக்கெல்லாம் படிப்பு வேணாம். ஒரு அதட்டு போட்டா லைன் தானா வரும்."

"வரேன்னாரே சார். மலையத் தாண்டி எப்படி வருவாரு?"

அத்தான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது.

தலைவர் உள்ளே வந்து தம் நாற்காலியில் அமர்ந்தார். மேலாளரைப் பார்க்கவில்லை. மேலாளருக்கு மெல்ல மெல்ல வெளிச்சமானது. காதுமடலில் தொடங்கிக் கழுத்து வரைக்கும் சிவந்தார்.

"என்ன கோளாறு?" என்றார் தலைவர்.

அத்தான் கையிலிருந்த மைக்கைப் பூப்போல மேசையில் வைத்தார்.

"சின்ன விஷயம் சார்" என்றாள் அவள். "வெளி லைனுக்கு இப்ப ஏழு. இயந்திரம் பழையபடி ஒன்பது போடுது. ஒன்பது வேற ஒருத்தர்கிட்ட இருக்கு."

யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை.

"காரணத்தை அறிக்கையில போடணும்னு மேலாளர் சொன்னாரு. ஒன்பது எப்ப மாறிச்சு, எதுக்கு மாறிச்சுன்னு விவரமா நான் எழுதித் தரட்டுங்களா?"

தலைவர் திரையைப் பார்த்தார். முப்பத்தொன்பது கிளைகளும் மிகுந்த அக்கறையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அறிக்கை வேண்டாம்" என்றார். திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பி, "உங்க கோப்பு ஒண்ணு என்கிட்ட இருக்கில்ல?"

"இருக்கு சார். ஏழு மாசமா."

கோப்பு வந்தது. திறமைக்குத் தாம் என்றுமே மதிப்பளிப்பவர் என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். கிளைகள் கைதட்டின. எல்லோரையும் விட உரக்கத் தட்டியவர் அத்தான்.

அவள் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இயந்திரத்தில் ஒன்பதை அழித்து ஏழு போட்டாள். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரிங் போனது, மலைக்கு அந்தப்பக்கம் யாரோ எடுத்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, எழுதி வைத்திருந்த தாளை விரித்தார்.

"தலைவர் பேசுகிறேன். நமது நாற்பதாவது கிளையை இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க—"

"கிளையில யாரும் இல்லீங்க" என்றது அந்தப்பக்கம். "நான் லாரிக்காரன். மேசை நாற்காலி ஏத்த வந்தேன்."

அந்தக் கிளையை மூடும் உத்தரவில் தலைவர் போன மாதமே கையெழுத்துப் போட்டிருந்தார்.