காலியாக விட்ட கட்டம்

மூன்றே எழுத்து. எழுதிவிட்டால் அடுத்த வாரம் இந்நேரம் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கலாம். மேகம். எழுதினால்தான் என்ன, யாருக்கு நஷ்டம்? மேகத்துக்கா?

பேனா மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கத்துக் கூடத்தில் தொலைநோக்கி இருப்பதால், வெளிச்சம் கசியக் கூடாதென்று அப்படியே கட்டிவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணி என்று கடிகாரம் சொன்னால் நம்ப வேண்டியதுதான். இந்த மலையுச்சிக்கு அவள் வந்து ஆறு வருஷம். கணவனும் மகளும் கீழே, ஒரு நாள் பயண தூரத்தில்.

அவள் பொறுப்பில் இருப்பது தொலைநோக்கியின் அடியில் தொங்கும் ஒரு பெட்டி. பீரோ அளவு இருக்கும். சும்மா விட்டால் வானத்தைப் படம் பிடிக்கும். உள்ளே சக்கரங்களைத் திருப்பி, தலைமுடி அகலத்தில் ஒரு பிளவையும் நுண்கோடுகள் கீறிய கண்ணாடி ஒன்றையும் வழியில் நிறுத்தினால், பிளவில் விழுந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் நீலத்திலிருந்து சிவப்பு வரை நாடாவாக விரியும். நாடாவில் எங்கே பளிச்சென்று இருக்கிறது, எங்கே இருட்டு என்று பார்த்து அந்த நட்சத்திரத்தில் என்னென்ன இருக்கிறதென்று சொல்லிவிடலாம். பிளவில் விழாத வெளிச்சம் தகட்டில் மோதி அங்கேயே நின்றுவிடும். பார்க்க வருகிறவர்களிடம் அவள் நுழைந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் சொல்வாள். நின்றுபோனதைப் பற்றித் தனியாக இருக்கும்போது நினைத்துக்கொள்வாள்.

போன மாதம் ஒரு நாடாவின் சிவப்பு ஓரத்தில், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு பொட்டு பளபளத்தது. இயக்குநர் கை தட்டியே விட்டார். அவளுக்குச் சந்தேகம். பெட்டியைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு நாடா எடுத்தாள். நட்சத்திரத்துடையது என்றால் பொட்டும் கூடவே வர வேண்டும். வரவில்லை. முதல் தடவை பக்கத்து நட்சத்திரமும் பிளவில் விழுந்திருக்கிறது. அதன் வெளிச்சம் உள்ளே கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, இந்த நாடாவின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலில் அதற்குப் பேய் என்று பெயர்.

கதவு திறந்தது. இயக்குநர், கையில் டீயோடு.

"என்னம்மா, மூணு எழுத்துக்கு நல்ல நேரம் பாக்கறியா?"

"சார், அது பேய் சார்."

"முப்பது வருஷமா பேயோட குடும்பம் நடத்தறவன்கிட்ட சொல்றியா? இத எங்க வீட்டுல சொல்லிடாத." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் அவள் முன்னால் விரிந்திருந்த பதிவேட்டில் விரலை வைத்தார். "ரெண்டாவது எடுக்கும்போது மேகம் வந்திருக்கும். கட்டம் காலியாத்தானே இருக்கு? காலியா விட்டது யாரு?"

அவள்தான். வானம் எப்படி என்று எழுத வேண்டிய கட்டம் அது. மேகம் என்று எழுதிய வரிசையின் படம் செல்லாது, கணக்கில் சேராது; அப்புறம் முதல் நாடாவின் பொட்டு கண்டுபிடிப்பாக நின்றுவிடும். மேலே முதல் வரிசையில் மட்டும் எழுதிவிட்டு, அடுத்த பத்துக்கும் 'மேற்படி' என்று பொருள்படும் இரட்டைக் கோடு போட்டிருந்தாள். பன்னிரண்டாவதான இந்தப் படத்துக்குப் போடும் முன்னால் ஃபோன் அடித்துவிட்டது.

"திங்கக்கிழமை கட்டுரை போகணும். உன் மாற்றல் கடிதம் என் மேஜையிலதான் இருக்கு. நீ இதுல எழுது, நான் அதுல எழுதறேன்." டீயை மேஜைமேல் வைத்தார். "குடி. அஞ்சு நிமிஷத்துல வரேன்."

அவர் போனதும் கணவனைக் கூப்பிட்டாள்.

"எழுதிட்டியா?" என்றான் எடுத்தவுடன்.

"இல்லங்க."

"மேகம்னு எழுதினா மேகம் வந்து கேஸா போடப்போகுது? ஆறு வருஷமா நீ பாத்த நட்சத்திரம் போதும்மா." பிறகு பேச்சை மாற்றினான். "பாப்பா உன்னைப் படம் வரைஞ்சிருக்கா. ஃபோனுக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்கு. சிரிக்கறதா அழறதான்னு தெரியல."

அவள் சிரித்தாள். வைத்த பிறகும் ஃபோனைக் கையிலிருந்து இறக்க முடியவில்லை.

கட்டம் காலியாக நின்ற அன்றைக்குக் கூப்பிட்டதும் பாப்பாதான். தூக்கத்தில் முதல் பல் விழுந்து, விடிவதற்குள் எழுந்துவிட்டாள். பெட்டி தன் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் ஃபோனோடு வெளியே போய் நின்றாள். "அம்மா, 'ஸ' சொன்னா காத்து வருதும்மா" என்று மகள் சொல்லிச் சொல்லிக் காட்டக் காட்ட, அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். பொடித் துணுக்கு மேகம்கூட இல்லை. மேகம் என்று எழுதினால் அந்த வானத்தையும் சேர்த்து அழிக்க வேண்டும். கீழே போய், பின்னலின் மூன்று பிரிகளையும் கையில் பிடித்துக்கொண்டு, எந்த முகத்தோடு அவளிடம் அந்தப் பல் கதையைக் கேட்பது?

இயக்குநர் சொன்னபடி வந்துவிட்டார். டீ அப்படியே இருந்தது. அவர் பார்க்கவே எழுதினாள். எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, சுருக்கொப்பம் வைத்து, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து படித்தார். தெளிவு.

"யோசிச்சுத்தான் எழுதினியா?"

"அன்னிக்கே எழுதியிருக்கணும் சார். மறந்துட்டேன்."