வினிகரில் விழாத பூச்சி

கண்ணபிரான் வைத்த கிண்ணத்தில் இன்றும் ஒன்றும் விழவில்லை. வினிகரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்து, சமையலறை மேடையில் வைத்திருந்தார். பழத்தில் மொய்க்கும் ஈ புளித்த வாசனைக்கு ஓடி வரும். நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் மாதிரி ஈயைத் தாங்கும். சோப்பு அந்தத் தோலைத் தளர்த்திவிடுவதால் உட்கார்ந்த ஈ முழுகிவிடும். திருப்பதியில் அவர் பௌதிகம் நடத்தும் கல்லூரியில், பரப்பு இழுவிசைப் பாடத்துக்கு வருஷா வருஷம் சொல்கிற உதாரணம். ஆனால் கிண்ணம் தெளிவாகக் கிடந்தது. அதற்கு ஒரு முழத்துக்கு மேலே நாலைந்து கறுப்புப் பூச்சிகள் அவசரமே இல்லாமல் பறந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று வந்து அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"ஏன்னா, எதிராத்துல கூடையே இல்லையே. அப்புறம் இது எங்கேர்ந்து வர்றது?" என்றாள் மைத்ரேயி.

அந்தக் கேள்வியைத்தான் அவரும் இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

எதிர் ஃபிளாட்டில் வைகாசியில் குடிவந்தவர்கள் ஹரிபாபுவும் ரூபாவும். நகரிப் பக்கத்து எல்லைக் கிராமத்துக்காரர்கள். ஹரிபாபு சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் பழம் கொள்முதல் செய்பவன். தினம் பஸ்ஸில் போய் வருவான். வரும்போது தோதாபுரி மாம்பழம் கூடையில் கொண்டுவந்து வாசலோரம் வைக்கோலில் பழுக்கப் போடுவான். அவர்கள் வந்த மாசமே கண்ணபிரான் வீட்டில் பூச்சி பறக்க ஆரம்பித்தது. பெருமாளுக்கு நைவேத்யமாகக் கண்டருளப் பண்ண வைத்திருந்த பாயசத்தில் ஒன்று விழுந்து செத்துக் கிடந்தது. அன்றைக்கே அவர் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் தெலுங்கில், மரியாதையாக, பெயர் சொல்லாமல் எழுதினார். இது சுத்தமான கட்டடம், சிலருடைய பழக்கவழக்கம் மற்றவர்களைப் பாதிக்கிறது என்று. பழம் என்று எழுதியிருக்கலாம். பழக்கவழக்கம் என்று எழுதினார். யாரைச் சொல்கிறார், அவர்களிடத்தில் எதைச் சொல்கிறார் என்று பதினாறு வீட்டுக்கும் புரிந்தது. அப்படிப் புரியவேண்டும் என்றுதான் அந்த வார்த்தையைப் போட்டார்.

மறுநாளே கூடைகள் போய்விட்டன. அந்த ஃபிளாட்டின் சொந்தக்காரர் ரங்கையா, ஆடிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்றும் காதில் விழுந்தது. பூச்சி மட்டும் போகவில்லை.

கண்ணபிரான் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து ஒன்றைப் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பழ ஈ தவிட்டு நிறம், கொழுகொழு உடம்பு, சிவந்த கண். டம்ளருக்குள் இருந்தது கறுப்பு, நீளக் கால், கொசுவைச் சுருக்கி வைத்த மாதிரி. ஒரே ஒரு தடவை, எழுதுவதற்கு முன்னால், இதைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அப்போதுதான் பூச்சிகள் எங்கே போய் உட்காருகின்றன என்று கவனித்தார். கூடத்து ஓரத்தில் இருந்த தொட்டிகளில். ஒரு உருளைக்கிழங்கு வில்லையை மணிபிளாண்ட் தொட்டி மண்மேல் பதித்து வைத்தார். இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது, அதன் அடியில் நூல்துண்டு மாதிரி வெள்ளைப் புழுக்கள், ஒவ்வொன்றுக்கும் மிளகைப் பொடித்த மாதிரி பளபளக்கும் கறுத்த தலை.

"இதுதான் குட்டியா?" மைத்ரேயி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதேதான். நம்மாத்துலயே பொறந்து நம்மாத்துலயே வளர்ந்தது."

எப்படி என்பது இப்போது தானாக விரிந்தது. தினம் காலையில் சாளக்ராமத்துக்குத் திருமஞ்சனம் ஆகும். அந்தத் தீர்த்தத்தை, ஒரு கரண்டிப் பாலும் துளசியும் கலந்தது, கால்படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. செடிக்குத்தான் விடவேண்டும். தொட்டிகள் பால்கனியில் இருந்தவரை விட்ட தீர்த்தத்தின் மேல்ஈரம் மத்தியான வெயிலில் காய்ந்துவிடும். மேமாசம் குரங்குகள் வந்து மூன்று தொட்டியை உருட்டி உடைத்ததால் மீதியைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். வெயில் இல்லை, தீர்த்தம் மட்டும் தினம் வந்தது. மேல்மண் காயவே இல்லை. பாலும் துளசியும் அதில் மக்கிப் பூஞ்சை பிடித்தது. ஈர மேல்மண்ணில் பூச்சி முட்டையிடும். புழு பூஞ்சையைத் தின்னும். மூன்று, நான்கு வாரத்தில் இறக்கை முளைத்து மேலே வரும். வினிகர் அதற்கு எதற்கு?

யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாத சங்கிலி அது, ஒரு கண்ணி தவிர. அந்தக் கண்ணியை எழுதியது அவர்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ரூபா திறந்தாள். உள்ளே கயிற்றால் கட்டிய அட்டைப் பெட்டிகள் கிடந்தன.

"இன்னா சார், இன்னும் பூச்சி வருதா? கூடை எடுத்து ரொம்ப நாளாச்சே."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். பூச்சி உங்களோடது இல்லை. எங்களோடது."

ஹரிபாபு லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். கண்ணபிரான் எல்லாவற்றையும் சொன்னார். பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பித்து, பாதியில் அந்தக் குரல் அவருக்கே பிடிக்காமல் போய், தரையைப் பார்த்து முடித்தார்.

ரூபா ஜன்னலோரம் இருந்த சின்னத் தொட்டியை எடுத்து வந்தாள். குடிவந்த அன்றைக்கு மைத்ரேயி கொடுத்த மணிபிளாண்ட். தட்டினதும் இரண்டு கறுப்புப் பூச்சி எழும்பிற்று.

"அப்ப எங்க ஊட்ல பறந்துக்கினு இருந்ததும் உங்க ஊட்டுதுதான்."

"ஆமாம்மா."

"நாங்க ஒரு வார்த்தை கேட்டோமா?" என்றாள் ரூபா.

ஹரிபாபு சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "ஈயி கோத்ரம் கேட்டுட்டா சார் உள்ள வரும்? சரி, குரூப்ல எழுதுங்க. அன்னிக்கு எழுதின மாதிரியே நீட்டா எழுதுங்க."

அங்கேயே நின்று எழுதினார். பூச்சி என் வீட்டுத் தொட்டியிலிருந்து வந்தது, எதிர்வீட்டார்மேல் நான் போட்ட பழி பொய், 'பழக்கவழக்கம்' என்று எழுதியது தப்பு, மன்னிக்கவேண்டும். விரல் இரண்டு தடவை நின்றது. அனுப்பினார். பிறகு ரங்கையாவுக்கு ஃபோன் போட்டார்.

ரங்கையா தெலுங்கில் பட்டென்று சொன்னார். "பூச்சி இருக்கிற கட்டடத்தில் யார் குற்றம் என்று எனக்கு எப்படித் தெரியும் சார்? முதலில் பூச்சி போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

கண்ணபிரான் ஃபோனை வைத்துவிட்டு ஹரிபாபுவிடம், "கூடையைத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்துலயே வையுங்கோ. நிறைய வையுங்கோ. பழம் இருக்கும்போதே பூச்சி போச்சுன்னா, பழத்தால வரலைன்னு அவரே ஒத்துக்கணும்."

"போகலைன்னா?"

"நீங்க காலி பண்ணவேண்டியதுதான். அது என்னால."

மறுநாள் கூடைகள் வந்தன.

இரண்டு வீட்டுத் தொட்டிகளிலும் ஒரே வேலையைச் செய்தார்: மேல்மண்ணைக் காயவிட்டு, அதன்மேல் மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்தார். ரூபா தொட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் குனிந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருவார். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. முதல் வாரம் பூச்சி குறையவில்லை. ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தவை வந்துகொண்டே இருந்தன. மைத்ரேயி ஒவ்வொரு விடியலிலும் ஒட்டும் அட்டையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அட்டையில் ஒட்டுவது மெதுவாகக் குறைந்து, ஒருநாள் வைத்த அட்டை வைத்தபடியே இருந்தது.

ரங்கையா வந்தபோது வாசலில் தோதாபுரி மஞ்சளாக மணத்துக் கிடந்தது. இரண்டு வீட்டிலும் நடந்து பார்த்தார். செடிகளை உலுக்கிப் பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை.

"உண்டனீ," இருக்கட்டும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, ஹரிபாபுவின் தோளைத் தட்டினார். ஹரிபாபு தோளைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். உள்ளே ரூபா பெட்டிக் கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கண்ணபிரான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஹரிபாபு உள்ளே போய்விட்டான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

லிஃப்ட் அருகில் ரங்கையா நின்றார். "எங்கள் வீட்டுத் தொட்டியிலும் இது இருக்கிறது சார். என்ன செய்தீர்கள்?"

கண்ணபிரான் சாத்திய கதவைப் பார்த்தபடியே சொன்னார். "மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீர் விடாதீங்க. விடும்போதும் மேலே விடாதீங்க. அடியில ஓட்டை இருக்கிற தொட்டியைத் தண்ணித் தட்டில் அரைமணி வையுங்க. வேர் கீழேயிருந்து குடிச்சுக்கும், மேல்மண் காஞ்சே இருக்கும், முட்டை பிழைக்காது. பறக்கிறதுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையை மண்மேல் படுக்கப் போடுங்க. ஒரு மாசம் விடாம செய்யணும். பால் கலந்த தண்ணியைத் தொட்டியில விடாதீங்க. நான் இப்ப திருமஞ்சனத் தீர்த்தத்தைக் கீழே இறங்கி, செங்கல் கட்டின பவழமல்லி அடியில விடறேன். அங்கே வெயில் இருக்கு."