போலீஸ் பார்த்தால் போதும்

நான் ஒரு நர்ஸ். இருபத்தாறு வருஷமாக டில்லி ஆஸ்பத்திரிகளில் அடிபட்டு வருகிறவர்களைத் துடைத்துக் கட்டியே வயிறு வளர்த்தவள். எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவதும் நான்தான். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? முதலிலேயே பெல்ட்டை மாட்டுங்கள்" என்று முடிப்பேன். சர்ச்சுக்குள் என்ன சூரிய நமஸ்காரம் என்று பாஸ்டர் முகத்தைச் சுளிப்பார். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

அப்படிப்பட்ட நான்தான் கரோல்பாகில் அந்தக் கொக்கியை வாங்கினேன்.

கார் வாங்கிய நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு. பக்கத்து சீட்டில் என் கைப்பையையும் டிபன் கேரியரையும் வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். மனுஷியைவிட டிபன் கேரியருக்குப் பாதுகாப்பு அதிகமா என்று எனக்கு எரிச்சல். கடைக்காரன் ஒரு தகரக் கொக்கியைக் காட்டினான். பெல்ட்டின் நுனியில் இருக்குமே, அதே வடிவம், ஆனால் பெல்ட் இருக்காது. அதைப் பூட்டில் செருகிவிட்டால் பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும். "ஆவாஸ் பந்த், மேடம்" என்றான், சத்தம் நின்றுவிடும் என்று. அன்றைக்கு வீடு வரை நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கோவிந்தம்மாள் என் வீட்டில் பத்து வருஷமாக வேலை செய்கிறார். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதி இருந்தவரைக்கும் நடந்தே வந்துவிடுவார். கேம்ப்பை இடித்த பிறகு நரேலாவுக்குப் போய்விட்டார். போக வர ஐந்து மணி நேரம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்து, "வாங்க, பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடுதேன்" என்று காரில் ஏற்றினேன். பெரிய தர்மப்பிரபு அல்லவா நான்.

ரிங் ரோடு சிக்னலில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். கோவிந்தம்மாள் பெல்ட்டை இழுத்துப் பூட்டப் பார்த்தார். பூட்டில்தான் கொக்கி இருக்கிறதே.

"சிஸ்டர், இது உள்ள போவ மாட்டேங்குது. மாட்டணுமா?"

கொக்கியை உருவ ஒரு நொடி போதும். சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன்.

"சும்மா குறுக்க இழுத்துக் கையில பிடிச்சுக்கிடுங்க. போலீஸ் பாத்தா போதும்."

அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். நாலு நிமிஷம் கழித்து ஒரு பேட்டரி ரிக்‌ஷா திடீரென்று குறுக்கே திரும்ப, நான் ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் தடுப்புச்சுவரில் மோதியது. இரண்டு ஏர்பேக்கும் வெடித்துத் திறந்தன. என்னைப் பெல்ட் இழுத்துப் பிடித்தது. தோளில் ஒரு சிவப்புக் கோடு, எட்டு நாளில் மறைந்துவிட்டது. அவரைப் பிடிக்க எதுவும் இல்லை. முன்னால் எறியப்பட்ட முகத்தில் ஏர்பேக் நேராக அறைந்தது. இடது கண் போயிற்று.

காஷுவல்டியில் சின்ன டாக்டர் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே, பெல்ட் போட்டிருந்தாரா என்று கேட்டான். ஸ்ட்ரெச்சரில் கோவிந்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "போட்டிருந்தார். தானாகக் கழன்றுவிட்டது." என்னை சிஸ்டர் என்று மதிக்கிற பையன். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டான்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். போலீசிடம் அதையே சொன்னேன். பெங்களூரில் இருக்கும் மகள் ஜூலியாவிடமும் சொன்னேன். அவள் இணையத்தில் தேடி, அதே மாடல் வைத்திருக்கும் பலருக்குப் பெல்ட் பூட்டு உண்மையிலேயே கழன்றுகொள்கிறது என்று கண்டுபிடித்தாள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு. அதை நடத்துகிறவர் சரோஜினி நகர் பட்டாபி, மத்திய சர்க்காரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரே போன் செய்தார்.

"லிடியா சிஸ்டர், முப்பத்தொரு பேர் ஒரு வருஷமா கம்ப்ளெயின்ட் எழுதிண்டிருக்கோம். கம்பெனிக்காரன் மதிக்கலை. உங்க கேஸ்லதான் ஒருத்தருக்குக் கண்ணே போயிருக்கு. இனிமே அவன் ஆள் அனுப்பித்தான் ஆகணும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பெனியின் மேல் பழி விழுந்தால் என் மேல் விழாது என்று ஒரு கேவலமான கணக்கு. அவர்கள் புகாரில் கையெழுத்துப் போட்டேன்.

கொக்கி மட்டும் காணவில்லை. நொறுங்கிய காரை ஓக்லாவில் ஒரு வொர்க்‌ஷாப் முற்றத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு முறை போய் சீட்டுக்கு அடியில், மிதியடிக்கு அடியில் எல்லாம் கைவிட்டுத் துழாவினேன். இல்லை. மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால், என்ன கேட்பது? அது யார் கையிலும் அகப்படக்கூடாது என்றா?

கம்பெனி எஞ்சினியர் வந்த அன்று காலை, பட்டாபி சட்டை மடிப்புக் கலையாமல் ஃபைலோடு நின்றிருந்தார். கண்ணில் கட்டோடு கோவிந்தம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சினியர் இளைஞன், மரியாதையாகப் பேசினான். பூட்டில் பெல்ட்டை இருபது தடவை மாட்டி இழுத்துப் பார்த்தான். கழலவில்லை. பிறகு கோவிந்தம்மாள் பக்கம் திரும்பி, பெல்ட் போட்டிருந்தாரா என்று இந்தியில் கேட்டான்.

"ஆன்ட்டிஜி, பெல்ட் லகாயா தா?"

"லகாயா தா, சாப்."

மாட்டும்போது டக்கென்று சத்தம் கேட்டதா என்று கேட்டான். இதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கோவிந்தம்மாள் ஒற்றைக் கண்ணால் என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஆயா தா. டக்னு ஆயா தா." கேட்டதாம்.

எஞ்சினியர் எழுதிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனான். பட்டாபி முகம் மலர்ந்து அவன் பின்னாலேயே போனார். நாங்கள் இருவர் மட்டும் காரின் அருகே நின்றோம். கோவிந்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த பர்ஸை எடுத்துத் திறந்தார். ஒரு பாலிதீன் பையில் சுற்றி, கொக்கி.

"இந்தாங்க. அன்னிக்கு நீங்க கதவத் தொறக்க சுத்தி வர்றதுக்குள்ள உருவி வச்சிக்கினேன். போலீஸ் பாத்தா உங்களுக்குத்தான கஷ்டம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வண்டிய வாராவாரம் தொடைக்கிறது யாரு சிஸ்டர்?"

கண்ணிலிருந்து ரத்தம் கொட்டும்போது இவர் எனக்காகக் கொக்கியை உருவியிருக்கிறார். நான் அந்த நேரத்தில் கதவை இழுத்துக்கொண்டே என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அந்தப் பொய்யைச் சுமக்க முடியாது என்று தோன்றியது. கண்ணாடி அறைக்குள் போய்க் கொக்கியை மேஜைமேல் வைத்தேன்.

எஞ்சினியருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இது யாருடையது என்று கேட்டான்.

"மேரா ஹை, சாப்," என்றது என் பின்னாலிருந்து ஒரு குரல். கோவிந்தம்மாள் ஓட்டமாக வந்திருந்தார். "நான்தான் மாட்டினேன். சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியாது."

"இல்லை," என்றேன். "வாங்கினது நான். மாட்டினது நான். பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் நான்." இந்தியில் சொன்னேன், தமிழிலும் சொன்னேன்.

எஞ்சினியர் தான் எழுதியதைக் குறுக்கே அடித்தான். பட்டாபி ஃபைலை மூடிக்கொண்டு, "எங்க பெல்ட்டெல்லாம் நெஜமாவே கழண்டுதும்மா," என்றார். "இனிமே யார் நம்புவா?"

அந்த முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

வாடகைக் கார் பிடித்தேன். கோவிந்தம்மாளுக்கு என்மேல் கோபம். "நான் அவ்ளோ மறைச்சும் நீங்களே போட்டு உடைச்சிட்டீங்களே" என்று முனகிக்கொண்டே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும், தடவித் தடவிப் பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, நுனியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்படித்தான சிஸ்டர்?" என்றார்.

அவர் விரல்களைப் பிரித்து அதை வாங்கிப் பூட்டினேன். டக்கென்றது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டார். அதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.