மேல் வீட்டுக் குதிகால்

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டுக் குதிகால் தினமும் என் தலைக்கு மேல் இறங்கினால், நான் என்னதான் செய்ய?

நான் லெம்கெ, பேக்கரியில் நிற்கிறவள். விடிவதற்கு முன் போய்ப் பகல் ஒரு மணிக்குத் திரும்பி, இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிவரை எனக்குத் தூக்கம் வேண்டும். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஒட்டியிருக்கும் விதிப்படி ஒன்றிலிருந்து மூன்றுவரை யாரும் சத்தம் போடக் கூடாது. மேல் வீட்டு வீலாண்ட் டோர்ன் ட்ராம் ஓட்டுகிறவர். பெர்லின் முழுக்க ட்ராம் ஓட்டி ஓட்டி மனிதருக்கு உடம்புக்குள்ளேயே கடிகாரம் வந்துவிட்டது. விதியை ஒரு விநாடிகூட மீறமாட்டார். சரியாக மூன்று மணிக்கு ஆரம்பிப்பார்.

டொக். டொக். டொக். டொக்.

ஐம்பத்தொரு வயதில் டிஜே ஆகப்போகிறாராம். பாட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி, எங்கே ஒட்டினோம் என்று தெரியாமல் ஓடவிடும் வித்தை அது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாதென்று ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகுகிறார். நல்ல மனிதர். அதனால் எனக்குப் பாட்டே கேட்காது, தாளம் பிடிக்கும் குதிகால் மட்டும்தான் கேட்கும். முதல் பாட்டோடு குதிகால் ஒழுங்காகப் போகும். இரண்டாவது பாட்டை உள்ளே கொண்டுவந்ததும் டொக்-டடொக், டொக்-டடொக் என்று நொண்டும். அப்புறம் ஓர் அமைதி. அமைதிக்குள் ஒரு கெட்ட வார்த்தை. மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதமாக இதே கதை. இரண்டாவது பாட்டு வேகமாக ஓடுகிறது, சுழலும் தட்டை விரலால் லேசாகப் பிடித்து மெதுவாக்கு மனுஷா என்று கூரையைப் பார்த்து நானே சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் பொறுக்கவில்லை. சும்மா போனால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார்கள். அதனால் கடையில் மிஞ்சிய கசகசா கேக்கில் பாதியை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கதவைத் திறந்தது மனைவி கெசினே. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறவள். நாள் முழுக்கத் தண்ணீரில் தலைகளை எண்ணுவது அவள் வேலை. ஒரு தலை குறைந்தாலும் விசில் ஊதுவாள். கேக்கைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை, இன்னும் சுருங்கியது.

"இதை எங்க வைக்கச் சொல்றீங்க, ஃப்ராவ் லெம்கெ? என் மடியிலயா?"

எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருக்க முடியும், கதவு திறந்துதானே இருந்தது. அவர்கள் வீட்டில் ஆறு பேர் உட்காரும் ஓக் மரச் சாப்பாட்டு மேஜை உண்டு, கெசினேயின் அப்பா தன் கையால் செய்தது. அதன்மேல் பாட்டைச் சுழற்றும் இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் குமிழ்கள் நிறைந்த ஒரு பெட்டி, ஒரு மடிக்கணினி, பாம்புக் கூட்டம் மாதிரி வயர்கள். சோபாவின் கைப்பிடியில் உருளைக்கிழங்கு சாலட் ஒரு தட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எட்டு மாசமா மடியில வச்சுத்தான் சாப்பிடுறோம். போன வாரம் ஊறுகாய் மீன் சோபாவுக்குள்ள போயிடுச்சு. இன்னும் தேடுறேன்."

"பாட்டு ரெண்டையும் தானாவே சேர்ந்து ஓட வைக்க ஒரு பட்டன் இருக்குமாமே, அதை அமுக்கினா வேலை முடிஞ்சுதே?" என்றேன். பேக்கரிக்கு வரும் பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது.

"இருக்கு. அதுமேல பிளாஸ்டர் ஒட்டி வச்சிருக்காரு. அதை அமுக்கினா அவமானமாம். ஊறுகாய் மீன் மேல உக்காந்துருக்கிறது அவமானம் இல்லையாம்!"

வீலாண்ட் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளி, "காதால பிடிச்சாத்தான் அது கலைங்க" என்றார். என்னைப் பார்த்து ஒரு மன்னிப்புச் சிரிப்பு. உடனே மறுபடி சுழலும் தட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"கலையைப் பாக்குற ஆளைப் பாரு!" கெசினே என்னைப் படிவரை கொண்டுவந்து விட்டாள். "நான் சொல்லிட்டேன், ஃப்ராவ் லெம்கெ. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள வெளியில நாலு பேர் முன்னாடி ஒருதடவை வாசிக்கட்டும். இவர் பாட்டுக்குப் பத்துப் பேராவது ஆடணும். எண்ணிப் பத்து. ஆடுனா மேஜை அவருக்கு. நான் வாயே திறக்கமாட்டேன். ஆடலேன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிடணும்."

எனக்கு மனசுக்குள் தேன். பத்துப் பேராவது ஆடுவதாவது! செப்டம்பரிலிருந்து என் தூக்கம் திரும்பி வந்துவிடும் என்று படியிறங்கும்போதே கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமைகளில் யோர்டிஸ் வருவாள். வீலாண்டுக்குச் சொல்லித்தருகிறவள். இருபத்தேழு வயது, தலையில் ஒரு பக்கம் முடியே இல்லை, மறுபக்கம் இரண்டு பேருக்கு ஆகும் அளவு. ஸ்ப்ரே நதிக்கரையில் ஒரு தோட்டத்தில் கோடை ஞாயிறுகளில் பகல் ஆட்டம் நடத்துவதும் இவள்தான். யார் எத்தனை மணிக்கு வாசிப்பது என்பதை இவள்தான் தீர்மானிப்பாள். நான் குப்பையைக் கொட்டப் போகும்போது தற்செயலாகப் படியில் எதிர்ப்பட்டாள். (அவள் இறங்கும் நேரம் எனக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.)

"எப்படி இருக்காரு உங்க மாணவரு?"

"ரெண்டு பாட்டோட வேகத்தையும் சேர்க்க வந்துடுச்சு. பொறுமைதான் வரல." அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், பாவம், அவளுக்கும் சலிப்பு. "பாட்டுல முப்பத்திரண்டு தாள அடி ஒரு வாக்கியம் மாதிரி. வாக்கியம் முடிஞ்சப்புறம்தான் அடுத்த பாட்டு வாயைத் திறக்கணும். இவரு இருபத்தெட்டுலயே குறுக்க பாஞ்சிடறாரு. பேச்சை முடிக்க விடாத ஆளு!"

"ட்ராம்ல ஒரு விநாடி முன்னாடி கிளம்ப மாட்டாரே!"

"அதானே! அங்க அடக்கி வச்ச அவசரம் எல்லாம் இங்க வருது போல." நெற்றியில் கையை வைத்தாள். "அடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை முதல் ஆளா வாசிக்கப் போட்டிருக்கேன். ரெண்டுல இருந்து நாலு வரைக்கும். நாலு மணிவரைக்கும் ஒரு ஆளுகூட ஆடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் குப்பைப் பை நழுவியது. "ஆடக் கூடாதா?"

"கூடாது. முதல்ல வாசிக்கிறவர் வேலை இடத்தைச் சூடேத்தறது. ஜனங்க உள்ள வரணும், பீர் வாங்கணும், பேசணும், கால் லேசா அசையணும், அவ்வளவுதான். பெரிய பாட்டெல்லாம் அப்பவே போட்டுக் கொளுத்திட்டா, அடுத்து வர்றவன் சாம்பலையா வாசிப்பான்? அப்படிப் பண்ணினா இவரை மறுபடி கூப்பிடமாட்டேன். வேற யாரும் கூப்பிடவும் மாட்டாங்க."

அன்று நான் குப்பையைக் கொட்டாமலேயே மேலே ஓடினேன். ஆடினால் யோர்டிஸ் விடமாட்டாள், ஆடாவிட்டால் கெசினே விடமாட்டாள். இந்த மனிதருக்கு இது தெரியுமா?

தெரிந்திருந்தது. கதவருகே கிசுகிசுத்தார். "சத்தமா பேசாதீங்க. ரெண்டும் எனக்குத் தெரியும். யோர்டிஸ்கிட்ட மேஜை விஷயத்தைச் சொன்னா, பரிதாபப்பட்டு விதியைத் தளர்த்துவா. பரிதாபத்துல கிடைக்கிற இடம் எனக்கு வேண்டாங்க. கெசினேகிட்ட சொன்னா, நான் சாக்கு சொல்றேன்னு சொல்லுவா."

"பின்ன என்னதான் பண்ணப் போறீங்க?"

"கடைசிப் பாட்டு என்னோடது, நாலு மணியைத் தாண்டியும் ஓடும். நானே செஞ்சது." முகம் பிள்ளைமாதிரி ஆகிவிட்டது. ட்ராம் மணியோசையைக் கைப்பேசியில் பதிந்து, அதைச் சுற்றிக் கட்டிய பாட்டாம். அதற்கே ஐந்து மாதம். கீழ்ச்சுருதி நாதமும் மேளமும் ஒரே இடத்தில் மோதிக் கலங்கலாகக் கேட்டதாம். மேளம் விழும்போதெல்லாம் கீழ்ச்சுருதி தானாகக் கொஞ்சம் பணிந்து வழிவிடும்படி கணினியில் அமைத்தபிறகுதான் தெளிந்ததாம். அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டது அவை இரண்டு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் என் மதியங்கள் இன்னும் கெட்டுப்போயின. முன்பு வெறும் டொக். இப்போது எனக்கு எண்ணத் தெரிந்துவிட்டதே! படுத்தபடியே எண்ணுவேன். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, டடொக்! பாய்ந்துவிட்டார். எரிச்சலில் துடைப்பக் கட்டையால் கூரையில் ஓங்கி ஓர் இடி. நான் எழுந்து, துடைப்பத்தைத் தேடி, கட்டிலில் ஏறி இடிப்பதற்குள் அடுத்த வாக்கியத்தில் முப்பத்திரண்டு ஆகியிருக்கும். நான் இடித்தது திட்டுவதற்கு. ஒருநாள் மனிதர் கதவைத் தட்டி, கையில் பூங்கொத்தோடு நிற்கிறார்!

"எவ்வளவு உதவி, ஃப்ராவ் லெம்கெ! நீங்க தட்டுறது சரியா வாக்கியம் முடியுற இடத்துல விழுது. அங்க கொண்டுவந்தா, அட, எவ்வளவு சுகமா உக்காருது! தினமும் தட்டுவீங்களா?"

பூவை வாங்கிக்கொண்டு என்ன சொல்வது? தட்டினேன். ஒரு மாதம். தூங்கவேண்டிய நேரத்தில் கட்டில்மேல் நின்றுகொண்டு, கையில் துடைப்பத்தோடு, முப்பத்திரண்டு எண்ணி. என் அம்மா பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

அந்த ஞாயிறு வந்தது. நான் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஒரு தட்டில் கேக்கை எடுத்துக்கொண்டு போனேன், நதிக்காற்று முழங்காலுக்கு நல்லதென்று. கெசினே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பையிலிருந்து புது மேஜைவிரிப்பு ஒன்றின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போதே வாங்கிவிட்டாள்!

வீலாண்ட் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையில் நின்றார். இரண்டு மணி அடித்து ஒரு விநாடி. மெல்லிய, பஞ்சு மாதிரிப் பாட்டு. அடுத்தது எங்கே வந்தது என்றே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு! கையில் துடைப்பம் இல்லாமலேயே! ஜனங்கள் வந்தார்கள். பீர் வாங்கினார்கள், தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவைத்தார்கள், பேசினார்கள். மேடைப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருத்தர்கூட ஆடல" என்றாள் கெசினே.

"ஆடக் கூடாதுதான்" என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். என் தூக்கம் எனக்கு முக்கியமில்லையா?

மூன்றேகாலுக்குச் சைக்கிள்காரர்கள் முப்பது நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். இரண்டு பெண்கள் மேடைக்கு முன்னால் வந்து, போடுங்க ஐயா பெருசா ஒண்ணு என்று கைகளைத் தூக்கினார்கள். வீலாண்டின் கை போனது. குதிகால் உயர்ந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் விரல்களை மடக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். யோர்டிஸ் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனிதர் கையை எடுத்துக்கொண்டு, இன்னும் மெதுவான ஒன்றைப் போட்டார். பெண்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பீர் வாங்கப் போனார்கள்.

"பைத்தியக்காரர்" என்றாள் கெசினே. குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ கூடுதலாக இருந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ட்ராம் மணி கேட்டது. அவருடைய பாட்டு. சரியாக நாலு மணிக்கு அடுத்து வாசிக்கவேண்டிய தாடிக்காரன் மேடையேறினான். இந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போகிறவரின் கடைசிப் பாட்டை வருகிறவன் வெட்டமாட்டான். அது ஓடும்போதே அடியில் தன்னுடையதைச் சேர்ப்பான். தாடிக்காரன் வீலாண்டின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டான், தலையாட்டினான், நகரவிடவே மனசில்லாமல் வைத்துக்கொண்டான். அதற்கடியில் தன் கனமான மேளத்தை இறக்கினான்.

இரண்டு மணி நேரமாக அடக்கிவைத்த கால்களெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. சைக்கிள்காரர்கள் சிலர். அந்த இரண்டு பெண்கள். குழந்தையை மார்பில் கட்டிய ஓர் அப்பா.

"மணி நாலு ஆயிடுச்சு, யோர்டிஸ் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன், என்னையறியாமல்.

"அவரு மணிச்சத்தம் கேக்குற வரைக்கும் அவரு பாட்டுதான்" என்று கெசினே எழுந்து நின்று தலைகளை எண்ணினாள். வேலையில் எண்ணுகிற மாதிரியே, விரல் நீட்டி. "ஏழு. எட்டு. ஒன்பது."

ஒன்பது. மற்றவர்கள் இன்னும் பீர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தாடிக்காரன் குமிழில் கை வைத்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் மணி ஒலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பதோடு நின்றால் செப்டம்பர், தூக்கம், அமைதி. நான் செய்யவேண்டியதெல்லாம் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். கேக் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பாழாய்ப்போன தலை எண்ணிக்கொண்டே போனது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்திரண்டில் என் குதிகால் இறங்கியது. டொக். பின்னாலேயே மற்றது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன், தட்டில் கேக் குதித்தது.

"பத்து!" என்றாள் கெசினே.

"அது ஆட்டம் இல்ல. கால் மரத்துப்போச்சு."

"இடுப்பு அசைஞ்சதை நான் பாத்தேன், ஃப்ராவ் லெம்கெ. தண்ணிக்குள்ள இருக்கிற தலையையே நான் தவறவிட்டதில்ல." மேஜைவிரிப்பின் ஓரத்தைப் பைக்குள் திணித்தாள். "சொன்னா சொன்னதுதான். மேஜை அவருக்கு."

யோர்டிஸ் வந்து வீலாண்டின் தோளில் தட்டினாள். "நீங்க இருந்ததே யாருக்கும் தெரியல. பிரமாதம்! ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வாங்க." மனிதர் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இஸ்திரி போட்டது வீண்.

இப்போது ஞாயிறுகளில் அவர்கள் என் வீட்டு மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். கெசினேயின் முடிவு அது. பத்தாவது ஆள் நான்தானாம், பொறுப்பு எனக்குத்தானாம். அந்தப் புது விரிப்பு என் மேஜைக்கு அளவாக இல்லை, இரண்டு பக்கமும் தொங்குகிறது. உருளைக்கிழங்கு சாலட் பரவாயில்லை. ஆனால் அந்த மனிதர் சாப்பிடும்போதும் மேஜைக்கடியில் குதிகாலால் தட்டிக்கொண்டே இருக்கிறார். நேற்று மறுபடி இருபத்தெட்டிலேயே பாய்ந்தார். முள்கரண்டியால் அவர் முழங்காலில் ஒரு குத்து வைத்தேன்.

"இன்னும் நாலு இருக்கு" என்றேன்.