மாமனாரின் குளிர்காலத் தூக்கம்

ஆமைக்கு மாமனார் என்று பெயர் வைத்தவர் மெக்கானிக்தான். கல்யாணமாகி வந்த அன்று மனைவி ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் ஆமையுமாக வாசலில் நின்றாள். "உங்கப்பாவும் கூடவே கிளம்பிட்டாரா?" என்று கேட்டார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவள், பிறகு தானும் அதை அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். மகள் பிறந்து பேசத் தொடங்கியபோது அவள் வாயிலும் அது மாமனார்தான்.

குளிர்காலம் முழுக்க மாமனார் தூங்கும். அந்த இனத்தின் உடம்பு வாகு அப்படி. அதற்கு உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு குளிர் வேண்டும். சூடு கூடினால் விழித்துக்கொள்ளும், குறைந்தால் உறைந்து செத்துவிடும். மெக்கானிக்குக் கைத்தொழிலே ஃபிரிட்ஜ் ரிப்பேர். ஏதோ ஒரு கடையில் கழித்துப்போட்ட குட்டி ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து சமையலறை மூலையில் மாமனாருக்கென்றே ஓடவிட்டார். மற்றதெல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள். தூங்கப்போகும் முன் பட்டினி போட்டு வயிற்றைக் காலியாக்குவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைப்பாள். மண் நிரப்பிய அட்டைப்பெட்டியில் கதவைப் பார்த்தபடி படுக்கவைத்து, தினம் ஒருதரம் கதவைத் திறந்து காற்று மாற்றுவாள். அவ்வப்போது தராசில் வைத்துப் பார்ப்பாள். தூங்கும் ஆமையின் எடை மெல்லக் குறையும், ஏறாது. தோட்டத்துப் புல்லில் தேடி எடுக்க வசதியாக, ஓட்டின் உச்சியில் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டும் வைத்திருந்தாள்.

இலையெல்லாம் கொட்டி முடித்த சமயத்தில் அவள் இறந்துபோனாள். தூரத்திலிருந்து ஆட்கள் வந்துசேரும்வரை ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் வைத்திருந்தார்கள். அந்த அறையின் இயந்திரத்தைப் பலமுறை கழற்றிப் பூட்டியவர் மெக்கானிக். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கம்ப்ரெஸர் ஓடுவதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது.

குளிர் இறங்கியதும் மாமனாரை அவரே தூங்கவைத்தார். அவள் செய்த எதையும் விடவில்லை. பிறகு, அவருடைய அக்கா விடாமல் கூப்பிட்டதால் அவள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினார். ஆளில்லாத வீட்டுக்குச் சூடு எதற்கு என்று புறப்படும்போது ஹீட்டரை அணைத்தார். பக்கத்துத் தெருவில் குடியிருந்த மகள் தினமும் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவதாகச் சொன்னாள்.

திரும்பி வந்து ஹீட்டரைப் போட்டு, காபி கலந்துகொண்டு உட்கார்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

ஃபிரிட்ஜ் போடும் சத்தமெல்லாம் அவருக்கு அத்துப்படி. முனகும், சொட்டும், நிற்கும்போது ஒரு உதறு உதறும். இது அதில் எதுவுமில்லை. உள்ளிருந்து யாரோ நகத்தால் அட்டையைச் சுரண்டுவது போலிருந்தது. கொஞ்ச நேரம் சுரண்டல், பிறகு ஓய்வு, மறுபடி சுரண்டல்.

திறந்தார். மாமனார் தலையை உள்ளுக்கிழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. ஆனால் கதவைப் பார்த்துப் படுக்கவைத்தது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் முகத்தில் குளிரோடு சேர்ந்து ஒரு வாசனையும் மோதியது. நகப்பூச்சு வாசனை. குனிந்து பார்த்தார். ஓட்டின் மேல் மங்கிப்போயிருந்த பொட்டு, இப்போதுதான் வைத்தது போலப் பளபளவென்று இருந்தது.

தராசில் வைத்தார். பிறகு மகளுக்குப் போன் செய்தார்.

"மாமனார் எடை ஏறியிருக்காரும்மா."

"தராசு பழசுப்பா. அதை நம்பாதீங்க."

"தூக்கத்துல எப்படிம்மா ஏறும்?"

"நீங்க முதல்ல வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. உங்க எடையப் பாருங்க. அவரு எடை அப்புறம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பொட்டைப் பற்றிச் சொல்லவுமில்லை. மனைவியின் அலமாரியில் அந்த நகப்பூச்சுப் புட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி மட்டும் சரியாகத் திருகப்படாமல் இருந்தது. அவளுக்கு எந்த மூடியையும் ஒழுங்காகத் திருக வராது. அதற்காக ஆயுசு முழுக்க அவளைக் கடிந்துகொண்டவர் அவர்.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது, பயம் வரவில்லை. நாற்காலியை ஃபிரிட்ஜ் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுரண்டல் கேட்டால் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் காது கொடுப்பார். "குளிருதா?" என்று கேட்பார். நிற்கும். மறுபடி வரும். வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டார். நாளாக ஆகச் சத்தம் மெலிந்தது. அவர் கதவில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினார்.

ஒரு நாள் காற்று மாற்றத் திறந்தபோது தலை வெளியே நீண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. மூக்கில் சின்னதாக ஒரு நீர்க்குமிழி உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. தூங்கும் ஆமை கண் திறந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. எடுத்தால் சுரண்டல் நின்றுவிடும் என்பதும் தெரிந்தது.

மெதுவாகக் கதவை மூடினார்.

மதியம் சுரண்டல் மறுபடி பலத்திருந்தபோது மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கோட்டுப் பித்தானில் வைத்த கை அப்படியே நின்றது.

"என்ன சத்தம்பா அது?"

"உங்கம்மா," என்றார்.

மகளின் முகம் வெளுத்தது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்து கதவைத் திறந்தாள். "ஐயோ, முழிச்சிருக்குப்பா! எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" பெட்டியோடு வாரியெடுத்தாள். "இது மாமனார் இல்லப்பா. கடையில தேடிப் பிடிச்சு வாங்கினது. குளிர்ல வச்சதும் அடங்கிப்போச்சு, தூங்கிடுச்சுன்னு நெனச்சேன். பொட்டு கூட நான்தான்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மாமனார் போயிட்டாரு. நான்தான் குளிரைக் கூட்டுற குமிழைத் தப்பாத் திருப்பிட்டேன்."

மெக்கானிக் ஃபிரிட்ஜுக்குள் பார்த்தார். அதில் குமிழே கிடையாது. யாரும் தொட்டுவிடக் கூடாது என்று எப்போதோ அவரே கழற்றி எறிந்திருந்தார்.

ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளும். வெளியிலிருந்து ஒரு துளி சூட்டைக்கூட உள்ளே கொண்டுவராது. அது அவர் பிழைப்பின் அரிச்சுவடி. வீடே உறைந்து கிடந்தால் உள்ளே இருப்பதும் உறையத்தான் செய்யும்.

"ஹீட்டரை அணைச்சவன் நானில்ல?"

மகள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மாமனாரை எங்க வச்சிருக்க?"

"பெரிய ஃபிரிட்ஜ்ல, மேல ஐஸ் தட்டுல. பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில. மண்ணு கல்லாட்டம் இருக்கு, தோண்ட முடியலப்பா."

அவர் பெரிய ஃபிரிட்ஜின் பக்கம் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். இவ்வளவு நாள் ஜீவனுள்ள ஒன்று வெளியே விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறது. அவர் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தக் கடைக்காரருக்குப் போனைப் போடு."

கடைக்காரர் போனிலேயே கத்தினார். "ஃபிரிட்ஜுலயா? யாருங்க சொன்னா? இது வெப்பத்துல பொறந்த இனம், தூங்கவே தூங்காது! ஹீட்டர்கிட்ட கொண்டுபோயிடாதீங்க, திடீர்ச் சூடு ஆகாது. முதல்ல அறைச் சூட்டுல விடுங்க. அப்புறம் வெதுவெதுன்னு தண்ணி, கழுத்து முங்காம. அது ஆனதும் டாக்டர்கிட்ட ஓடுங்க."

அவர் சொன்னபடியே செய்தார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் அதன் தாடையைத் தன் இரு விரல்மேல் தாங்கிப் பிடித்தபடி மெக்கானிக் மண்டியிட்டிருந்தார். முழங்கால் மரத்துப்போயிற்று. மகள் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். முன்னங்கால் ஒன்று தண்ணீரை மெல்லத் தள்ளியது. கண் இமை விலகியது.

"இது என்னம்மா சாப்பிடும்? கேட்டியா?"

"கேக்கலப்பா."

"கேளு."

மகள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். ஆமை தலையை உயர்த்தி அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் அவரைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. அவர் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.